யாருக்கு முதலில், எல்லோருக்கும் எப்போது?

1995 நவம்பரில் இன்ஃபோமேஜிக் என்ற நிறுவனம், லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தின் நிரலாளர்களுக்காக ஐந்து குறுந்தட்டுகள் கொண்ட தொகுப்பு ஒன்றை விற்பனைக்கு விட்டது. இணையம் தொலைபேசிக் கம்பி வழியாக ஊர்ந்து வந்த காலம் அது. ஒரு முழு இயங்குதளத்தைத் தரவிறக்க நாள்கணக்கில் ஆகும் என்பதால், பலருக்கும் குறுந்தட்டுதான் ஒரே வழி. அந்தத் தட்டுகளில் 'டெபியன் 1.0' என்ற பெயரில் ஓர் இயங்குதளம் இருந்தது. ஆனால் டெபியன் திட்டத்தினர் அப்படி ஒரு பதிப்பை வெளியிட்டிருக்கவே இல்லை.

அவர்கள் இன்னும் கட்டிக்கொண்டிருந்த பாதிவேலைப் பிரதி அது. செர்வரில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி கிடந்ததை, முடிந்த வேலை என்று எண்ணி எடுத்துத் தட்டில் பதித்துவிட்டார்கள். டிசம்பர் 11ஆம் தேதி டெபியனும் இன்ஃபோமேஜிக்கும் சேர்ந்து ஓர் அறிவிப்பு வெளியிட்டன. தட்டில் இருப்பது டெபியன் 1.0 இல்லை, அது சரியாக இயங்காமலே போகலாம் என்று டெபியன் திட்டத்தின் புரூஸ் பெரென்ஸ் அதில் விளக்கினார். குழப்பம் தீர வேண்டுமென்று டெபியன் அந்த எண்ணையே கைவிட்டது. 1996 ஜூனில் வந்த அடுத்த பதிப்புக்கு 1.1 என்று எண், 'பஸ்' என்று பெயர். வளரும் பதிப்புகளை எண்ணால் அழைக்காமல் பெயரால் அழைக்கும் வழக்கம் இன்றுவரை தொடர்கிறது.

யாரும் எடுத்து, மாற்றி, பகிரக்கூடிய கட்டற்ற மென்பொருளில் 'வெளியீடு' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று யாராவது கேட்டால், நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன். ஒரு வணிக நிறுவனத்தில் வெளியீடு என்றால் பூட்டிய கிடங்கைத் திறந்து சரக்கை வெளியே அனுப்புவது. கட்டற்ற மென்பொருளில் கிடங்குக்குப் பூட்டே கிடையாது. இன்று காலை ஒருவர் எழுதிய வரியை மதியத்துக்குள் உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்து ஓட்டிப் பார்க்கலாம். அப்படியானால் வெளியிடுவது என்பது என்ன? 'இதைச் சோதித்துவிட்டோம், இதில் ஓட்டை கண்டால் அடைப்போம், இத்தனை ஆண்டு கவனித்துக்கொள்வோம்' என்று ஒரு குழு கொடுக்கும் வாக்கு அது. நாட்டியம் பயிலும் பெண் ஆடுவதைத் தெருவில் போகிறவர்கூட ஜன்னல் வழியே பார்க்கலாம். ஆனால் அரங்கேற்றத்துக்கு நாள் குறிப்பது குரு.

டெபியனில் அந்தக் குரு ஒரு மனிதர் இல்லை, எழுதிவைத்த விதிகள். இந்த விதிகளைச் சற்று நெருங்கிப் பார்க்கத் தகும். சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007இல் வெளியிட்ட 'பாஸ்' லினக்ஸ், டெபியன் மேல் கட்டப்பட்டதுதான். உபுண்டுவும் டெபியனிலிருந்து கிளைத்ததே. அங்கே ஒரு கதவு மூடினால் இங்கே பள்ளிக்கூட மேசைவரை அதன் விளைவு வந்து சேரும்.

டெபியனுக்கு மூன்று அறைகள். முதல் அறை 'சிட்' என்ற நிலையற்ற கிளை. பராமரிப்பாளர் ஒருவர் புதிய பொதியை, அதாவது நிறுவத் தயாராகக் கட்டிய மென்பொருளை, பதிவேற்றினால் அது முதலில் இங்கேதான் வந்து விழும். இரண்டாவது 'டெஸ்டிங்' என்ற சோதனைக் கிளை. மூன்றாவது 'ஸ்டேபிள்', அதாவது நிலையான பதிப்பு. பொதுமக்களுக்கு என்று நீட்டப்படுவது இதுதான். நடு அறை 2000ஆம் ஆண்டில்தான் சேர்க்கப்பட்டது. முதல் அறையிலிருந்து நடு அறைக்குப் போக யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை, யாருடைய தயவும் வேண்டாம். மாற்றத்தின் அவசரத்தைப் பொறுத்து 10 நாள், 5 நாள் அல்லது 2 நாள் சிட்டில் ஊறியிருக்க வேண்டும். ஆதரிக்கப்படும் வன்பொருள் வகைகள் எல்லாவற்றிலும் ஓடும் வடிவத்துக்கு அது தொகுக்கப்பட்டிருக்க வேண்டும். அது சார்ந்திருக்கும் மற்றப் பொதிகள் நடு அறையில் தயாராக இருக்க வேண்டும். புதிதாக எந்த 'வெளியீட்டைத் தடுக்கும் வழு'வையும், அதாவது அவ்வளவு கடுமையான நிரல் பிழையையும், அது கொண்டுவரக் கூடாது. இத்தனையையும் ஒரு நிரல் தானாகவே சரிபார்த்து வழி விடுகிறது.

அந்தக் கடைசி நிபந்தனைதான் மொத்த ஏற்பாட்டின் அச்சாணி. வழுக்களுக்கு டெபியனில் பல தரங்கள் உண்டு. அவற்றில் மேலே உள்ள மூன்று, வெளியீட்டையே தடுக்கும் வலிமை உடையவை. முழுக் கணினியையும் பாதிப்பது, தரவை அழிப்பது, பாதுகாப்பு ஓட்டையைத் திறப்பது, பொதியைப் பயன்படுத்தவே முடியாமல் செய்வது, திட்டத்தின் கொள்கையை மீறுவது ஆகியவை இந்த வகைக்குள் வரும். வழுவை யார் பதிவு செய்யலாம்? யாரும் செய்யலாம். சேலத்தில் ஒரு கல்லூரி மாணவி ஒரு மின்னஞ்சல் அனுப்பி, அதன் தரம் சரியானது என்று ஏற்கப்பட்டால், அந்த வழு தீரும்வரை பொதி நகராது. வழுவும் அதைப் பற்றிய வாதங்களும் பொதுவெளியில் இருக்கும். 'எங்கள் குறைகளை மறைக்க மாட்டோம்' என்பது டெபியனின் சமூக ஒப்பந்தத்தில் உள்ள வாக்கு. வெளியீட்டு நிபந்தனை என்ற வறட்டுச் சொல்லுக்குப் பின்னால் இவ்வளவு பெரிய சனநாயகம் இருக்கிறது என்பதை முதன்முதலில் புரிந்துகொண்டபோது எனக்கு உண்மையாகவே மெய்சிலிர்த்தது.

ஆனால் இதற்கு விலையும் உண்டு. 'தயாரானதும் வெளியிடுவோம்' என்பது நல்ல கொள்கையாகத் தோன்றும். 2002 ஜூலையில் 3.0 வந்தது, அடுத்த பதிப்பான 'சார்ஜ்' 2005 ஜூனில்தான் வந்தது. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள். இடையில் வாங்கிய புதிய கணினிகளில் பழைய நிலையான பதிப்பு சரியாக ஏறாது. பொறுமை இழந்தவர்கள் நிலையற்ற கிளையை அன்றாட வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். இதே காலத்தில், 2004 அக்டோபரில், உபுண்டு வந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு, தேதி முன்கூட்டியே தெரியும் என்பது அதன் வாக்கு. டெபியனின் உழைப்பிலிருந்தே முளைத்த ஒன்று, தேதி சொல்ல முடிந்ததாலும் பலரை ஈர்த்தது.

டெபியன் இதிலிருந்து கற்ற பாடம் எனக்கு மிகவும் பிடித்தமானது. அது உபுண்டுவைப் போலத் தேதிக்குத் தலைவணங்கிவிடவில்லை. பழையபடி காலவரம்பில்லாமல் காத்திருக்கவும் இல்லை. 2009இல் எடுத்த முடிவின் சாரம் இது: உறைநிலை எப்போது தொடங்கும் என்பதை முன்கூட்டியே அறிவிப்போம், வெளியீட்டு நாளைக் குறைகள் தீர்ந்த பிறகே குறிப்போம். உறைநிலை வந்துவிட்டால் புதுமைகளுக்குக் கதவு சாத்தப்படும். அதன் கடைசிக் கட்டத்தில், திருத்தம் ஒவ்வொன்றுக்கும் வெளியீட்டுக் குழுவிடம் காரணம் சொல்லி அனுமதி வாங்க வேண்டும். 2011, 2013, 2015, 2017, 2019, 2021, 2023, 2025 என்று இரண்டாண்டுக்கு ஒரு முறை தவறாமல் பதிப்பு வந்திருக்கிறது. திட்டத்திடம் ஊதியம் வாங்காத ஆயிரத்துக்கும் அதிகமானோர், வெவ்வேறு நாடுகளில் உட்கார்ந்துகொண்டு, பதினான்கு ஆண்டுகளாக இந்த ஒழுங்கைக் காப்பாற்றி வருகிறார்கள்.

இயங்குதளத்தின் மையமாக இருந்து வன்பொருளை இயக்கும் லினக்ஸ் கருநிரலின் பாதை வேறு. 2001 ஜனவரியில் 2.4, பிறகு 2003 டிசம்பரில் 2.6. இந்த நீண்ட இடைவெளியில் பட்ட பாட்டுக்குப் பிறகு, அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் குறுகிய சுற்றுக்கு மாறிவிட்டார். இரண்டு வாரம் புதியவற்றைச் சேர்ப்பார்கள், பிறகு வாரம் ஒரு முன்னோட்டப் பதிப்பு, மொத்தம் ஒன்பது பத்து வாரத்தில் ஒரு வெளியீடு. இதன் பெரிய நன்மை நெருக்கடி குறைவது. இந்த பஸ்ஸை விட்டால் இரண்டு மாதத்தில் அடுத்த பஸ் என்று தெரிந்தால், படிக்கட்டில் தொங்கிக்கொண்டு ஏற யாரும் முயல மாட்டார்கள். மூன்று ஆண்டுக்கு ஒரு பஸ் என்றால் அரைவேக்காட்டு நிரலைக்கூட எப்படியாவது உள்ளே தள்ளிவிடத்தான் தோன்றும்.

உறைநிலையில் இன்னொரு வகை உண்டு. தமிழில் மென்பொருளைப் பயன்படுத்துபவர்களை நேரடியாகத் தொடுவது இதுதான். 'சர உறைவு' என்று மொழிபெயர்ப்பாளர்கள் சொல்வோம். திரையில் தெரியும் சொற்றொடர்களை இந்தத் தேதிக்குப் பிறகு மாற்றக் கூடாது என்ற கட்டுப்பாடு. லினக்ஸில் சாளரங்களையும் பட்டிகளையும் திரையில் காட்டும் குநோம் மேசைத்தளம் ஆண்டுக்கு இருமுறை வெளியாகிறது. ஒவ்வொரு முறையும் வெளியீட்டுக்குச் சில வாரங்கள் முன்பே சொற்றொடர்களைப் பூட்டிவிடுவார்கள். எண்பது விழுக்காடு சொற்றொடர்களாவது மொழிபெயர்க்கப்பட்டிருந்தால்தான் ஒரு மொழியை ஆதரிக்கப்படும் மொழி என்று கணக்கில் எடுப்பார்கள்.

இது ஏன் முக்கியம் என்பதை நான் சொந்த அனுபவத்தில் கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறிய மென்பொருளுக்குத் தமிழாக்கம் செய்துகொண்டிருந்தேன். சர உறைவு என்ற வழக்கமே அந்தத் திட்டத்தில் இல்லை. வெளியீட்டுக்கு இரண்டு நாள் முன்பு யாரோ 'கோப்பை நீக்கவா?' என்ற கேள்வியில் ஆங்கில மூலத்தைக் கொஞ்சம் மெருகேற்றியிருக்கிறார்கள். மூலம் ஓர் எழுத்து மாறினாலும் பழைய மொழிபெயர்ப்பு செல்லாததாகிவிடும். பதிப்பு வந்தபோது திரை முழுவதும் தமிழ், கோப்பை அழிக்கும் அந்த ஒரு பெட்டியில் மட்டும் ஆங்கிலம். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத என் அத்தை அதில் 'சரி' என்று நினைத்து எதையோ அழுத்தி, பேத்தியின் பிறந்தநாள் படங்களை இழந்துவிட்டார். அந்த மாற்றத்தைச் செய்தவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவரைத் தடுத்து நிறுத்த ஒரு விதி இல்லாமல் போனதுதான் குறை.

இனி முன் அணுகலுக்கு, அதாவது எல்லோருக்கும் வெளியாகும் முன்பே ஒன்றைப் பெறும் வாய்ப்புக்கு, வருவோம். இதில் இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எல்லோருக்கும் திறந்திருக்கும் முன் அணுகல் ஒன்று. சிலருக்கு மட்டும் தரப்படும் முன் அணுகல் மற்றொன்று.

முதல் வகையின் அருமையை 2024 மார்ச்சில் உலகம் பார்த்தது. ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்பவர் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் நிரலாளர், மைக்ரோசாஃப்டில் பணிபுரிபவர். டெபியனின் நிலையற்ற கிளையில் தன் வேலைக்காகச் சில வேக அளவீடுகளைச் செய்துகொண்டிருந்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச், வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக எடுப்பது அவர் கண்ணில் பட்டது. விடாமல் தோண்டினார். எக்ஸ்இசட் என்ற, தரவைச் சுருக்க உதவும் நிரலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டு ஒரு கள்ளவாசலைப் புதைத்திருந்தது தெரியவந்தது. மார்ச் 29 அன்று அதை உலகுக்கு அறிவித்தார்.

'ஜியா டான்' என்ற பெயரில் வந்த நபர் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நல்ல பங்களிப்பாளராக நடந்து, தனியொருவராக அந்த நிரலகத்தைச் சுமந்து களைத்திருந்த பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் பெற்று, வெளியீட்டு உரிமையை வாங்கியவர். 5.6.0 பிப்ரவரி 24 அன்று வெளிவந்தது. உபுண்டு 24.04 உறைநிலையை நெருங்கிக்கொண்டிருந்த நேரம் அது. உறைவதற்குள் புதிய எக்ஸ்இசட்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று உபுண்டுவிடம் ஜியா டானே மார்ச் 28 அன்று விண்ணப்பித்தார். உறைநிலைத் தேதி எவ்வளவு பொருட்படுத்தத் தக்கது என்பதை அந்த எதிரியும் நன்றாகவே அறிந்திருந்தார். அந்தக் கதவு சாத்தப்பட்டுவிட்டால் அடுத்த வாய்ப்புக்கு நெடுநாள் காத்திருக்க வேண்டுமே!

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். டெபியனின் பத்து நாள் விதி இந்தக் கள்ளவாசலைப் பிடிக்கவில்லை. அது சிட்டைத் தாண்டி நடு அறைக்கும் போய்விட்டிருந்தது. நாள்களை எண்ணும் நிரலுக்கு வஞ்சகம் தெரியாது. காப்பாற்றியவை இரண்டு. ஒன்று, நிலையான பதிப்புக்குள் நுழைய அதற்கு இன்னும் நெடுந்தூரம் இருந்தது. ஆகவே மருத்துவமனைகளிலும் வங்கிகளிலும் ஓடும் நிலையான செர்வர்களை அது எட்டவே இல்லை. இரண்டு, நிலையற்ற கிளையை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று திறந்துவைத்திருந்ததால்தான், அரை விநாடியைக்கூட அலட்சியம் செய்யாத ஒரு மனிதர் அங்கே இருந்தார். முன்னோட்டப் பதிப்பைப் பணம் கட்டியவர்களுக்கு மட்டும் என்று வைத்திருந்தால், ஃபிராய்ண்ட் அங்கே இருந்திருப்பாரா?

அதன் பின்விளைவும் கவனிக்கத் தக்கது. உபுண்டு தன் பீட்டா பதிப்பை ஒரு வாரம் தள்ளிவைத்துப் பொதிகளை மறுபடி கட்டியது. டெபியன் ஏப்ரலில் வர வேண்டிய 12.6 திருத்தப் பதிப்பை ஒத்திவைத்து ஜூன் 29 அன்றுதான் வெளியிட்டது. நிலையான பதிப்பு பாதிக்கப்படவில்லை என்று தெரிந்தும், உறுதி செய்துகொள்ளாமல் வெளியிட மாட்டோம் என்று நின்றார்கள்.

இரண்டாவது வகை, சிலருக்கு மட்டுமான முன் அணுகல், பாதுகாப்பு ஓட்டைகள் வரும்போது தவிர்க்க முடியாதது. ஓட்டை இன்ன இடத்தில் இருக்கிறது என்று அறிவித்த நிமிடமே நல்லவருக்கும் திருடருக்கும் ஒன்றாகத் தெரிந்துவிடும். ஆகவே திருத்தம் தயாராகும்வரை வாய்மூடி இருக்க வேண்டும்; பொதி கட்டும் டெபியன், ரெட் ஹாட், சூசே போன்றவர்களுக்கு மட்டும் முன்னதாகச் சொல்ல வேண்டும். அப்போதுதான் அறிவிப்பு வரும் அதே மணியில் எல்லோர் கைக்கும் திருத்தம் போய்ச் சேரும். இதுவரை யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்பதில்தான் சண்டை.

போஸ்ட்கிரெஸ் 2013இல் இதில் சிக்கிக்கொண்டது. மார்ச் மாதம் என்டிடி என்ற ஜப்பானிய நிறுவனத்தின் திறமூல மையத்தைச் சேர்ந்த இருவர் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்துத் தெரிவித்தார்கள். கேட்டால் நம்ப முடியாத அளவுக்கு எளிய ஓட்டை. தரவுத்தளத்துடன் இணையும்போது அதன் பெயரைக் கொடுக்க வேண்டும் அல்லவா? அந்தப் பெயர் சிறுகோட்டில், அதாவது '-' என்ற குறியில், தொடங்கினால் செர்வர் அதைப் பெயராக எடுத்துக்கொள்ளாமல் தனக்கு இடப்பட்ட கட்டளை என்று எடுத்துக்கொண்டது. விளைவாக, கடவுச்சொல் தெரியாத வெளியாள்கூட, செர்வரின் தரவுக் கோப்புகளுக்குள் பிழைச் செய்திகளை எழுதவைத்து அவற்றைக் கெடுத்துவிட முடியும். ஒரே ஒரு சிறுகோடு!

பல ஆண்டு உழைப்பில் சேர்ந்த தரவு போய்விடும் என்பதால் குழு வழக்கத்துக்கு மாறாக நடந்தது. மார்ச் 28 அன்று, அடுத்த வாரம் முக்கியத் திருத்தம் வருகிறது, தயாராக இருங்கள் என்று முன்னறிவிப்பு. இடைப்பட்ட நாள்களில் மூல நிரல் களஞ்சியத்தின் பொதுப் பிரதியைப் புதுப்பிப்பதையே நிறுத்திவைத்தார்கள். திருத்தத்தைப் பார்த்தாலே ஓட்டை எங்கே என்று புரிந்துவிடும். ஏப்ரல் 4 அன்று 9.2.4, 9.1.9, 9.0.13 பதிப்புகள் வந்தன. அதுவரை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது.

பிறகுதான் தெரிந்தது, ஹெரோகு என்ற மேகக்கணினி நிறுவனம் தன் வாடிக்கையாளர்களின் தரவுத்தளங்களை ஏப்ரல் 4க்கு முன்பே திருத்திவிட்டிருந்தது. பொதி கட்டுபவர்களுக்குத் திருத்தம் கொடுத்தபோது ஹெரோகுவுக்கும் கொடுத்திருந்தார்கள். குழு சொன்ன காரணம் நியாயமானதே: பல்லாயிரக்கணக்கான தரவுத்தளங்களை இணையத்தில் வெளிப்படையாக வைத்து நடத்தும் நிறுவனம் என்பதால் அதற்கு ஆபத்து மிக அதிகம், திருத்தத்தைப் பெரிய அளவில் ஓட்டிச் சோதிக்கவும் அது களமாகப் பயன்பட்டது. ஆனால் அதே ஆபத்தில் இருந்த மற்ற மேகக்கணினி நிறுவனங்கள் ஏன் அந்தப் பட்டியலில் இல்லை? சின்னஞ்சிறு நிறுவனம் ஒன்று, இருபது வாடிக்கையாளரை வைத்துக்கொண்டிருந்தால், அவர்களுடைய தரவு மட்டும் தரவு இல்லையா? யாரும் இலஞ்சம் வாங்கவில்லை, யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆயினும், முன்கூட்டியே எழுதிவைக்காத விதியை நெருக்கடியில் வாய்மொழியாக வகுத்தபோது அது சலுகையாகத் தெரிந்தது. யாருக்கு, எந்த அடிப்படையில் முன்னதாகத் தருவது என்பதை எழுத்தில் கொண்டுவர வேண்டும் என்ற விவாதம் அதன் பிறகே அங்கே தொடங்கியது.

சரியாக ஓராண்டு கழித்து இன்னும் பெரிய இடி விழுந்தது. உலகின் பாதுகாப்பான இணையத் தொடர்புகளில் பெரும்பகுதியைத் தாங்கிக்கொண்டிருந்த ஓபன்எஸ்எஸ்எல் நிரலகத்தில் 'ஹார்ட்பிளீட்' என்ற ஓட்டை. ஒவ்வொரு முறை கேட்கும்போதும் செர்வரின் நினைவகத்திலிருந்து 64 கிலோபைட்வரை கசியவிடும். கூகுளைச் சேர்ந்தவரும் ஃபின்லாந்தின் கோடெனோமிகான் நிறுவனத்தினரும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். கூகுள் 2014 ஏப்ரல் 1 அன்று ஓபன்எஸ்எஸ்எல் குழுவிடம் சொன்னது. ஏப்ரல் 7 அன்று உலகுக்குத் தெரிந்தது. அதற்குள் கிளவுட்ஃபிளேர் போன்ற சிலர் தங்கள் செர்வர்களைத் திருத்திவிட்டிருந்தார்கள். யாஹூவோ உலகத்தோடு சேர்ந்துதான் அறிந்து, அலறியடித்துக்கொண்டு அடைத்தது. இந்த இடைவெளிக்கு என்ன பொருள் என்பதைக் கனடாவின் வருமான வரித் துறை காட்டியது. அறிவிப்புக்குப் பிறகு, அந்தத் துறை தன் இணையச் சேவையை மூடுவதற்கு முன், ஆறு மணி நேர இடைவெளியில், சுமார் 900 பேரின் சமூகக் காப்பீட்டு எண்களை ஒருவர் உருவிவிட்டார். முன்கூட்டி அறிந்தவருக்கும் அறியாதவருக்கும் நடுவில் நிற்பது இந்த 900 பேர்தான்.

அதே ஆண்டு செப்டம்பரில் ஓபன்எஸ்எஸ்எல் தன் கொள்கையை எழுதி வெளியிட்டது. கடுமையான ஓட்டைகளை, பொதுப் பயனுக்கான இயங்குதளங்களை உருவாக்குவோருக்கு மட்டும் முன்னதாகச் சொல்வோம். அதிகம் பேருக்குச் சொன்னால் அதிகம் கசியும் என்பதால் பட்டியல் சிறிதாகவே இருக்கும். 'எங்களிடம் வாங்கியிருந்தால் ஒரு வாரம் முன்பே பாதுகாப்பாக இருந்திருப்பீர்கள்' என்று முன்னறிவிப்பை விளம்பரமாக்கக் கூடாது. இந்த மூன்றாவது விதியை எழுதியவர்களுக்கு நான் மனமாரக் கை கூப்புவேன். பிற்காலத்தில், தங்களுடன் வணிக உறவுள்ள நிறுவனங்களையும் பட்டியலில் சேர்க்கலாம் என்று அந்தக் கொள்கையைத் திருத்தினார்கள். உலகமே சார்ந்திருக்கும் நிரலைச் சில பேர் சொற்ப வருமானத்தில் கவனித்துக்கொண்டிருந்த அவலம் ஹார்ட்பிளீட்டில்தான் அம்பலமானது என்பதால், அந்தத் திருத்தத்தின் தேவை எனக்குப் புரிகிறது. ஆனால் உடன்பட முடியவில்லை. புதிய வசதியை முன்னதாகக் கொடுத்துப் பணம் வாங்கலாம். ஆபத்து பற்றிய செய்தியை முன்னதாகக் கொடுத்து வாங்கக் கூடாது. டெபியன், ரெட் ஹாட் போன்ற லினக்ஸ் விநியோகங்களுக்கான பொது ஏற்பாட்டில் கமுக்கம் காக்கும் காலத்துக்கு 14 நாள் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். நாள் எண்ணிக்கை எழுத்தில் இருப்பதால், ஓட்டையை அறிந்தவர்கள் அதை விருப்பம்போல மாதக்கணக்கில் கைக்குள் வைத்துக்கொள்ள முடியாது.

பணத்துக்காக முன் அணுகல் என்ற யோசனை புதிதல்ல. பீட்டர் டாய்ச் உருவாக்கிய, ஆவணங்களை அச்சிட உதவும் கோஸ்ட்ஸ்கிரிப்ட், புதிய பதிப்பை வணிக விநியோகத்தைத் தடுக்கும் உரிமத்தில் வெளியிட்டு, ஏறக்குறைய ஓராண்டு கழித்து அதையே ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தில் எல்லோருக்கும் கொடுத்துவந்தது. 2006இல் அந்த இடைவெளியையும் எடுத்துவிட்டார்கள். மரியாடிபி என்ற தரவுத்தள நிறுவனத்தாரின் வணிக மூல உரிமத்தில் அதிகபட்சம் நான்கு ஆண்டுகளில் நிரல் கட்டற்றதாக மாறியே தீர வேண்டும். இவற்றை நான் குறை சொல்ல மாட்டேன். மரியாடிபி உரிமத்திலோ காத்திருக்க வேண்டிய காலம் முதல் நாளே எழுத்தில் இருக்கிறது, ஆசிரியரே மனம் மாறினாலும் அதை நீட்டிக்க முடியாது.

2011இல் கூகுள் செய்தது வேறு. ஆண்ட்ராய்டின் ஹனிகோம்ப் பதிப்போடு கைக்கணினிகள் கடைக்கு வந்துவிட்டன. மூல நிரலோ வரவில்லை. போன்களில் ஓட இன்னும் தயாராகவில்லை என்று காரணம் சொன்னார்கள். பெரும்பகுதி, மூல நிரலைக் கொடுக்கக் கட்டாயப்படுத்தாத அப்பாச்சி உரிமத்தில் இருந்ததால் சட்டப்படி கொடுக்கத் தேவையும் இல்லை. நவம்பரில் அடுத்த பதிப்போடு சேர்த்துத்தான் அந்த நிரல் வெளியே வந்தது. நிரல் அரைவேக்காடு என்றால் 'அரைவேக்காடு' என்று எழுதி ஒட்டி வெளியே வைப்பதற்குத்தானே நிலையற்ற கிளை என்ற ஒன்றைக் கண்டுபிடித்தார்கள்? எப்போது வரும் என்று ஒரு தேதிகூடச் சொல்லப்படாத அந்த மாதங்களில், சிறிய தயாரிப்பாளர்கள் கதவுக்கு வெளியே நின்றார்கள்.

நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து நடத்தும் சிறிய தமிழ் விசைப்பலகைத் திட்டம் ஒன்றில் எனக்கும் பங்கு உண்டு. போன மாதம் எங்கள் களஞ்சியத்தில் ஒரு கோப்பைச் சேர்த்தோம். சொற்றொடர்கள் வெளியீட்டுக்கு மூன்று வாரம் முன் உறையும். தட்டச்சு செய்ததை இழக்க வைக்கும் வழு ஒன்று இருந்தாலும் பதிப்பு வெளியாகாது. பாதுகாப்பு ஓட்டையை எங்கள் நிரலைத் தங்கள் பொதிகளில் சேர்ப்போர் எல்லோருக்கும் ஒரே நாளில் சொல்வோம், 14 நாளில் உலகுக்குச் சொல்வோம். இந்த மூன்று வரிகளுக்கு ஓர் இரவு போதுமானதாக இருந்தது. நான்காவது வரி இன்னும் காலியாகவே இருக்கிறது: நன்கொடை தருபவர்களுக்குப் புதிய பதிப்பை ஒரு வாரம் முன்னதாகக் கொடுக்கலாமா? செர்வர் வாடகை கட்ட அந்தப் பணம் வேண்டும் என்கிறார் கணக்குப் பார்க்கும் செல்வி அக்கா. கொடுப்பதானால் அந்த ஒரு வாரம் என்பதையும் கோப்பில் எழுதிவிட வேண்டும் என்கிறேன் நான். வரும் ஞாயிற்றுக்கிழமை மறுபடி உட்காருகிறோம்.